உங்கள் ஃபைல் என் கடையில் இருக்கக் கூடாது

2019 ஜூன், காலேஜ் அட்மிஷன் நேரம். என் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. ஒரு அக்கா தன் பையனின் மார்க் ஷீட்டை பிரிண்ட் எடுக்க வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்ததை இறக்கிவிட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று மானிட்டரை அவர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பியே வைத்திருப்பேன். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று சின்னச் சின்னப் படங்களாக மேலே ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று அந்த அக்கா, "நில்லு நில்லு, இது எங்க எதிர்வீட்டுப் பொண்ணு ரிப்போர்ட் ஆச்சே" என்றார்.

அது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். அந்தப் பெண் தன் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னாளோ இல்லையோ, அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரே ஃபோல்டரில் 11,000 ஃபைலுக்கு மேல் இருந்தது. எதையும் நான் தப்பான காரியத்துக்கு எடுத்ததில்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை. பிரிண்ட் போட்டதும் அழிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவர்களில் ஒருவர்கூட என்னிடம் "நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்தவர் கிடையாது.

சென்னை வியாசர்பாடியில், எருக்கஞ்சேரி ஹைரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் 2009 முதல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று போர்டு இருந்தாலும் வேலை பல விதம். காலேஜ் ப்ராஜெக்ட், ரிட்டையர் ஆன ரயில்வேக்காரர்களின் பென்ஷன் காகிதம், ஃபுட்பால் ஆடும் பசங்களின் சர்டிபிகேட், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். பிறந்ததிலிருந்து போகிற வரைக்கும் ஒரு மனுஷனின் காகிதமெல்லாம் ஒரு முறையாவது இந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது.

கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டமாக லினக்ஸா, விண்டோஸா, எது நல்லது என்று கடைக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் அந்த 11,000 ஃபைலை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஃபைல் யாருடையதோ அவர் கையில் அது பத்திரமாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு என் கையில் இருக்கக் கூடாது. இதற்கு எந்த சிஸ்டம் ஒத்துழைக்கிறதோ அதுதான் என் கடைக்கு நல்ல சிஸ்டம். இந்த இடத்துக்கு வந்து சேர எனக்குப் பல வருடம் ஆனது.

கடை ஆரம்பித்தபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மூன்று அசெம்பிள்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. போட்டுக் கொடுத்தவர் காப்பி சிடியில்தான் போட்டார். அப்டேட் வந்தால் காப்பி என்று காட்டிவிடும் என்று அதையும் நிறுத்தி வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாக் கடையிலும் இதே கதைதான். ஆனால் அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர், ஒரு நாளைக்கு ஐம்பது பென்டிரைவ் ஏறி இறங்கும் கடையில் இருந்தால் என்ன ஆகும்? ஒருவருடைய வைரஸை அடுத்த நாற்பத்தொன்பது பேருக்கும் நானே பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடு ஆதரவு முடிந்தது. அதற்கு அப்புறமும் ஒன்றரை வருடம் ஒரு மெஷினில் அதையே ஓட்டினேன். இப்போது நினைத்தால் செய்திருக்கவே கூடாது என்றுதான் தோன்றுகிறது.

2015-ல் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி வந்தாள். கடைசி நாள், சாயங்காலத்துக்குள் ப்ராஜெக்டை பைண்டிங் போட்டுக் கொடுக்க வேண்டும். என் கடையிலேயே முந்தின நாள் பாதி பிரிண்ட் எடுத்திருந்தாள். பென்டிரைவைத் திறந்தால் உள்ளே ஷார்ட்கட் ஒன்று மட்டும் இருந்தது. "இன்னாண்ணே, நேத்து இங்கதானே போட்டேன், எல்லாம் போச்சாண்ணே?" என்று கண் கலங்கிவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் கம்ப்யூட்டரில் இருந்துதான் வந்திருக்கிறது என்று தெரியும்.

அவளுடன் வந்த தோழியிடம் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருந்தது. அந்த லேப்டாப்பில் ஆன் செய்யும்போதே விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக்கென்று உருவாக்கிய லினக்ஸ் அது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணும் முதல் தடவையாகப் போனாள். பென்டிரைவைச் செருகினோம். ஷார்ட்கட்டுக்குக் கீழே பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி. திறந்தால் ஐந்து அத்தியாயமும், படங்களும், முகப்புப் பக்கமும் அப்படியே இருந்தன.

நடந்தது இதுதான். அந்த வகை வைரஸ் ஃபைலை அழிப்பதில்லை. எல்லாவற்றையும் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதற்கு 'மறைவு' என்று ஒரு குறி போட்டுவிடும். விண்டோஸ் அந்தக் குறியை மதித்து மறைத்துவிடும். பென்டிரைவில் அந்தக் குறி இருந்தாலும் லினக்ஸ் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை இருப்பதாகவே காட்டும். விண்டோஸிலும் மீட்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் அட்ரிப் என்ற கட்டளையில் எச், ஆர், எஸ் மூன்றுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டு ஓட்டினால் மறைந்தவை வெளியே வரும். ஆகவே பென்டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் பதறி ஃபார்மட் கொடுக்காதீர்கள். அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக்கும் செய்யாதீர்கள், அதைத் தொட்டால்தான் வைரஸ் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும்.

அன்றைக்கு அவளிடம் பைண்டிங்குக்குக் காசு வாங்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் உடனே மாறிவிடவில்லை. 2016-ல் டிசைன் வேலை செய்யும் மெஷினுக்கு மட்டும் காசு கொடுத்து விண்டோஸ் 10 வாங்கினேன். மற்றதெல்லாம் விண்டோஸ் 7. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்து உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. நெட்வொர்க்கில் ஃபைல் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். என் கடையில் மூன்று மெஷினும் ஒரு ஷேர்டு ஃபோல்டரைத்தான் நம்பி ஓடின. அன்றைக்கே அப்டேட்டைத் திறந்துவிட்டு, அந்தப் பழைய பதிப்பை நிறுத்தினேன். உடனே பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து நேராக ஃபோல்டருக்கு வந்துகொண்டிருந்த ஸ்கேன் நின்றுபோனது. அந்த மெஷினுக்குப் பழைய பதிப்பு மட்டும்தான் தெரியும். ஓட்டையைத் திறந்து வைப்பதற்குப் பதில் அதில் பென்டிரைவைச் செருகி ஸ்கேன் எடுக்கப் பழகிக்கொண்டோம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு நிமிஷம் கூடுதல் ஆகும். பரவாயில்லை.

2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கும் முடிவு வந்தது. அப்புறம் ஊரடங்கு. கடை திறந்தபோது கையில் காசில்லை. ஆனால் ஆன்லைன் கிளாஸ், இ-பாஸ், விண்ணப்பம் என்று கூட்டம் மட்டும் இருந்தது. விண்டோஸ் 7 ஓடிய இரண்டு மெஷினுக்குப் பதில் புதுசு வாங்க வழியில்லை. இரண்டும் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், நொண்டி நொண்டி ஓடும் ஹார்ட் டிஸ்க். 2021-ல் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஆளுக்கு ஒன்று போட்டு, கஸ்டமர் உட்காரும் அந்த இரண்டு மெஷினிலும் லினக்ஸ் மின்ட்டின் லேசான வகையான எக்ஸ்.எஃப்.சி.இ. ஏற்றினேன். ஆன் செய்து டீ வாங்கி வரும் வரை யோசித்துக்கொண்டிருந்த மெஷின் அரை நிமிஷத்துக்குள் வந்து நின்றது. இதில் பெரும் பங்கு எஸ்.எஸ்.டி.யுடையது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வேறெதையும் மாற்றும் முன் அதை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் ஏற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் அதை விண்டோஸ் மெஷினிலேயே விட்டு, நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொண்டேன். லினக்ஸுக்கு மாற நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் பிரிண்டரைத்தான். பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்க்கலாம், கம்ப்யூட்டரில் எதுவும் மாறாது. அப்போதே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து டெண்டர் போடும் ஒரு காண்ட்ராக்டர் வருவார், அவருக்கும் விண்டோஸ்தான் சரிப்பட்டது. தமிழ் டைப்பிங் நான் பயந்த அளவுக்கு இல்லை. பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் என்ற தொகுப்பை ஏற்றினால் தமிழ்99 கீபோர்டு வந்துவிடுகிறது.

ஆனால் மின்டில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள் வேறு. லாகின் விண்டோ அமைப்பில், பயனர்கள் பகுதியில், கெஸ்ட் செஷனை அனுமதிக்க ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டேன். இப்போது கஸ்டமர் வந்தால் பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட் என்று உள்ளே போகிறார். மெயிலைத் திறக்கிறார், ஆதாரை இறக்குகிறார், பிரிண்ட் எடுக்கிறார். வெளியேறியதும் அவர் இறக்கியது, அவர் லாகின் செய்தது, அவர் தேடியது எல்லாம் போய்விடும். அடுத்தவர் உட்காரும்போது ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டர். 2019-ல் எனக்கு வேண்டியிருந்தது இதுதான். 11,000 என்ற எண் இனி அந்த இரண்டு மெஷினில் வரவே வராது.

இதிலும் ஒரு தடவை பட்டோம். ஒரு பையன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயோடேட்டா அடித்து டாக்குமென்ட்ஸில் சேவ் செய்துவிட்டு, வெளியேறி, டீ குடித்துவிட்டு வந்தான். ஒன்றும் இல்லை. நான் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போது மானிட்டரின் கீழே தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'வெளியேறினால் எல்லாம் அழியும். மெயிலிலோ பென்டிரைவிலோ எடுத்துக்கொள்ளவும்.' இன்னொன்று, கெஸ்ட்டுக்கு உருவாகும் அந்தத் தற்காலிக இடம் ராமில்தான் இருக்கிறது. 4 ஜிபி மெஷினில் பெரிய வீடியோவை இறக்கினால் நிரம்பிவிடும்.

சரி, ஃபைல் கடைக்கு எப்படி வருகிறது என்பது அடுத்த விஷயம். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஃபைல் அனுப்பும் ஷேர்இட், செண்டர் (Xender), ஸ்கேன் எடுக்கும் கேம்ஸ்கேனர் மூன்றும் இருந்தன. எங்கள் தெருவில் அதுவரை எல்லாருடைய ஃபோனிலும் இருந்தவை. அதற்கு அப்புறம் எதுவானாலும் வாட்ஸ்அப் என்று ஆகிவிட்டது. கடை நம்பரைச் சுவரில் எழுதிவைத்து 'இதுக்கு அனுப்புங்க' என்பதுதான் இன்றைக்கும் எல்லாக் கடையின் வழக்கம். அப்படி அனுப்பினால் உங்கள் ஆதார் என் ஃபோனில், என் சாட்டில், என் கம்ப்யூட்டரில் என்று மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

இப்போது கடையின் வாட்ஸ்அப்பில் புதுச் சாட் எல்லாம் 24 மணி நேரத்தில் மறைவது போல டைமர் வைத்திருக்கிறேன். படங்கள் தானாக கேலரியில் இறங்குவதை நிறுத்திவிட்டேன். கவுன்டர் பக்கம் இருக்கும் மின்ட் மெஷினில் பிரௌசர் இறக்கும் இடத்தையே டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டருக்கு மாற்றினேன். மின்டில் அது ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் காலியாகிவிடும். ராத்திரி அணைத்துவிட்டுப் போனால் காலையில் சுத்தம்.

கேபிளில் கொடுப்பவர்களும் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லுவேன். கேபிளைச் செருகி 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்த நொடியே முழு கேலரியும் கடைக்காரன் முன்னால் திறந்துகொள்ளும். ஒரு பக்கம் பிரிண்டுக்காக வீட்டு அலமாரிச் சாவியைக் கொடுப்பதைப் போல அது. லோக்கல்சென்ட் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இன்டர்நெட்டுக்கே போகாமல் நேராக வந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபைல் மட்டும் வரும், வேறொன்றும் எனக்குத் தெரியாது. அடிக்கடி வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவருக்கும், டியூஷன் டீச்சர் ஒருவருக்கும் இதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு தடவை வந்து போகிறவர்களை ஆப் ஏற்றச் சொல்ல முடியாது. அவர்களுக்கு வாட்ஸ்அப்தான்.

கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தால், போகும் முன் உங்கள் ஃபோனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் வெளியேறிவிட்டுப் போங்கள். கெஸ்ட் செஷன் இல்லாத கடையில் இது ரொம்ப முக்கியம். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. உங்களைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு பிராந்திய அலுவலகம் விட்ட ஒரு அறிவிப்பில், நெட் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்குவதைத் தவிர்க்கவும், இறக்கினால் எல்லாப் பிரதியையும் அழிக்கவும் சொல்லியிருந்தார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நெட் சென்டர் பற்றி அதில் சொன்னது சரியான பேச்சு என்று, அந்தத் தொழிலில் இருக்கும் நானே சொல்கிறேன். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் ஏற்றுக்கொள்ளப்படும் இடத்தில் அதையே கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் விடிவதற்குள் பேனர் கட்ட வேண்டும். 2022-ல் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை, ஒரு தம்பி வந்து நின்றான். அப்பா போய்விட்டார். அவன் ஃபோனில் இருந்தது ஃபேமிலி குரூப்பில் வந்த ஒரு கல்யாண குரூப் போட்டோ. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளமான பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிக்கு (பிக்சல்) குறைத்துவிடும். அதில் இருபது பேருக்கு நடுவே அவர் முகம் நூற்றைம்பது புள்ளிகூட இல்லை. ஆறடி பேனரில் போட்டால் கண் எது மூக்கு எது என்று தெரியாது. அப்பாவின் முகம் கலங்கிப்போன பேனரை அந்தப் பையன் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மனசு கேட்கவில்லை.

"இதை முதல்ல எடுத்தது யாருப்பா?" என்று கேட்டேன். பொன்னேரியில் இருக்கும் அத்தை. அழுதுகொண்டிருந்தவரை ஃபோனில் பிடித்து, "கேலரி சின்னத்தைத் தொடாதீங்கம்மா, பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொடுங்க, அதுல டாக்குமென்ட்னு இருக்கும், அது வழியா அந்தப் படத்தை அனுப்புங்க" என்று சொன்னேன். மூன்றாவது முயற்சியில் வந்தது. 4000-க்கு 3000 புள்ளி, எடுத்தது எடுத்தபடி. முகத்தை வெட்டி எடுத்தால் சட்டைக் காலரின் தையல்கூடத் தெரிந்தது. இப்போது எச்.டி. என்று ஒரு பட்டன் வந்திருக்கிறது, அது கொஞ்சம் உதவும். ஆனால் பிரிண்டுக்கு, பேனருக்கு, பாஸ்போர்ட் சைஸுக்கு எதற்கானாலும் டாக்குமென்ட்டாக அனுப்புவதுதான் சரி. ஏ4 தாளில் தெளிவாக விழ 3500-க்கு 2500 புள்ளி இருந்தால் நல்லது என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய வீடியோவைப் பென்டிரைவில் ஏற்ற முடியவில்லை, இடம் இருந்தும் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு ஒரு வரி. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மட் செய்யுங்கள். பழைய டிவி, கார் பிளேயர் சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, அதற்கு மட்டும் பழையதை வைத்துக்கொள்ளலாம்.

அழித்துவிட வேண்டும், அழித்துவிட வேண்டும் என்று நான் இருந்தபோது மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3 ராத்திரி தொடங்கி 4-ஆம் தேதி முழுக்கக் கொட்டியது. கடைக்குள் முட்டி அளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. மூன்று சி.பி.யூ.வும் மேசைக்கு அடியில் தரையில் இருந்தன. தண்ணீர் வடிந்ததும் ஆன் செய்து பார்க்கத்தான் கை போகும், செய்யவே கூடாது. எஸ்.எஸ்.டி.யையும் ஹார்ட் டிஸ்கையும் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடைத்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, யு.எஸ்.பி. கனெக்டரில் வேறொரு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். எஸ்.எஸ்.டி. மூன்றும் பிழைத்தன. மூச்சுவிட ஒரு சின்ன துளை இருக்கும் ஹார்ட் டிஸ்குக்குள் தண்ணீர் போய்விட்டது, அது பிழைக்கவில்லை. டிசைன்களின் இன்னொரு பிரதி வீட்டில் மாடியில், என் மனைவியின் பீரோவில் இருந்ததால் அவை தப்பின. இப்போது சி.பி.யூ. எல்லாம் மூன்றடி உயர கடப்பாக்கல் மேல் இருக்கின்றன.

அந்த வாரம் கணேசபுரத்திலிருந்து ஓர் ஆட்டோக்கார அண்ணன் வந்தார். பீரோ கவிழ்ந்து சர்டிபிகேட் எல்லாம் கூழாகிவிட்டிருந்தன. "போன வருஷம் உங்கிட்டதான பா எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணேன். உங்கிட்ட இருக்குமில்ல?" என்று கேட்டார். நான் அழித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஒரு நிமிஷம், அழித்தது தப்போ என்றே தோன்றியது. ஆனால் வைத்திருந்தால் அதே ஹார்ட் டிஸ்கில்தான் வைத்திருப்பேன், அதுவும் தண்ணீரில்தான் போயிருக்கும். என் கடையை நம்பி யாரும் தன் காகிதத்தை விடக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவருடைய டிரைவிங் லைசன்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் எடுத்தோம். அவர் அப்பாவின் இறப்புச் சான்று மாநகராட்சி இணையதளத்தில் கிடைத்தது. மகளின் டி.சி.க்குத்தான் அலைந்தார். வெள்ளத்தில் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசு நடத்திய முகாமில் விண்ணப்பம் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தேன். ஸ்கேன் எடுத்தால், அவர் கடையை விட்டு இறங்கும் முன் அது அவருடைய ஃபோனில், அவருடைய கூகுள் டிரைவில் ஏற வேண்டும். பலருக்கு மெயில் பாஸ்வேர்டு தெரியாது, ஆனால் ஃபோனில் ஏற்கெனவே லாகின் இருக்கும். 15 ஜிபி இலவசம், ஒரு குடும்பத்தின் காகிதத்துக்கு அது தாராளம். ஃபோனை நான் வாங்க மாட்டேன். அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, 'வீட்டு காகிதம்' என்று தமிழிலேயே ஒரு ஃபோல்டர் போடச் சொல்லி, ஏற்றச் சொல்லி, பக்கத்தில் நிற்பேன். ஏறியதும் அவர் கண் முன்னால் என் பக்கம் அழிப்பேன். ஐந்து நிமிஷம் ஆகும். கூட்ட நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

டிசைன் மெஷின் கதை இன்னும் முடியவில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. அதில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்து 2026 அக்டோபர் வரை நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் எட்டாம் தலைமுறை பழைய மெஷின் ஒன்று வாங்குவதா, லினக்ஸிலும் ஓடும் இலவச டிசைன் சாஃப்ட்வேரான இங்க்ஸ்கேப்பில் முழுசாகப் பழகிவிடுவதா என்று பார்க்கிறேன். பத்திரிகை வேலையில் பாதியை ஏற்கெனவே இங்க்ஸ்கேப்பில்தான் செய்கிறேன், பிரஸ்ஸில் பி.டி.எஃப். கொடுத்தால் போதும் என்கிறார்கள். தமிழில் ஒற்றுகளைத் தேடிச் சரிபார்க்க மட்டும் பழைய சாஃப்ட்வேர் கைக்குச் சுலபமாக இருக்கிறது.

அந்த மெஷினைக் காலி செய்யும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. 2009 முதல் அடித்த பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, டிசைன்களை மட்டும் நான் முன்பு அழித்ததில்லை. முதல் ஆறேழு வருடம் எல்லாமே பாமினி ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் தமிழே இருக்காது. அம்மா என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்ட ஃபான்ட் அது. தமிழக அரசு 2010-லேயே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. நான் பழக்கத்தை விட இன்னும் சில வருடம் ஆனது. கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்து, ஃபான்ட்டை உள்ளேயே பதித்து பி.டி.எஃப். ஆக்குகிறேன். அப்படிச் செய்தால் எந்த ஃபோனில் திறந்தாலும் எழுத்து மாறாது. நம்பர் இருக்கும் கஸ்டமர்களுக்கு அனுப்பிவைத்துவிட்டு என்னிடம் இருப்பதை எடுத்துவிடுகிறேன். இதுவரை முந்நூறு சொச்சம் முடிந்திருக்கிறது.

போன வாரம் ஒருவர் திரும்பக் கூப்பிட்டார். 2011-ல் நடந்த அவருடைய கல்யாணப் பத்திரிகையை அனுப்பியிருந்தேன். அவரிடமும் ஒரு பிரதிகூட இல்லையாம். "அழைப்பு அம்மா பேர்லதான்ணே போட்டிருந்தோம். அம்மா இப்ப இல்ல. இதை ஃபிரேம் போட்டு மாட்டணும். எந்த சைஸ் வரைக்கும் பெருசாக்கலாம்?"

எழுத்தெல்லாம் வெக்டாரில், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக இருக்கிறது, எவ்வளவு பெருசாக்கினாலும் அம்மா பேர் உடையாது என்றேன். ஏ3-யில் போட்டுத் தரச் சொன்னார்.